கே, அறிவியல் புனைகதை, எர்ணாவூர்: கிளம்பிவிடலாமா?

இணைய இழையில் ஒரு கேள்வி, 6 ஜூன் 2025

வயது 24. வடசென்னையில் எர்ணாவூர். நான் கே, ஆண்களை விரும்புகிற ஆண். வீட்டில் தெரியாது, தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அறிவியல் புனைகதை வெறியன். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பேச முடிந்ததே இல்லை. கேரம் ஆடும் பசங்களிடம் ஒரு ஆள், கதை பேசும் கூட்டத்தில் இன்னொரு ஆள், வீட்டில் மூன்றாவது ஆள். கனடாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். சொந்த ஊரே வேண்டாதவனாகப் பார்க்கிறது. போவதில் தப்பு உண்டா?

பதில், 7 ஜூன், இரவு 11.40

கிளம்பு தம்பி. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையம். 2021-ல் அந்தப் பாதையை விம்கோ நகர் வரைக்கும் நீட்டியதே உன்னை மாதிரி ஆட்களை வழியனுப்பத்தான் போல. பாஸ்போர்ட் எடுத்துவிட்டாயா? நான் உன் வயதில் எடுக்காமல் விட்டேன்.

8 ஜூன், காலை 6.15

நேற்று எழுதியது எரிச்சலில். வீட்டுக்குக் கல்யாணத் தரகர் வந்து மூன்று காபி குடித்துவிட்டுப் போன நாள். அழிக்க மனசில்லை, இருக்கட்டும்.

ஆனால் படுத்த பிறகு ஒன்று தோன்றியது. நேற்று ஜூன் 7. கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங் 1954-ல் இறந்த தேதி. அதே ஜூன் 7-ல், 2021-ல், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு வந்தது. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு, போலீஸ் விசாரணை. தனக்கு இதில் புரிதல் போதவில்லை என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வெளிப்படையாகவே சொன்னார். உளவியலாளர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எழுதினார். எங்களை மாதிரி ஆட்களை ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் பார்ப்பதைத் தடை செய்தார். போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்றார்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த இரண்டு பேரும் மதுரையிலிருந்து கிளம்பி எந்த ஊருக்கு வந்தார்கள்? இந்த ஊருக்கு. நாம் கிளம்பிப் போகலாமா என்று யோசிக்கிற அதே ஊருக்கு.

8 ஜூன், மதியம் 2.05

என் பதிலுக்குக் கீழே என்னை ‘ப்ரோ’, ‘தல’, ‘நண்பா’ என்று ஏழு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் ‘அண்ணனுக்கு எப்போ கல்யாணம்’ என்று கிண்டல் வேறு.

நான் பெண். 31 வயது. ராயபுரம். பாரிஸ் கார்னரில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் ஏற்றுமதிப் பேப்பர் பார்க்கிற வேலை.

தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை, தமிழ் மேலும் இருக்கிறது. வந்தேன், போனேன், அழுதேன் என்று எழுதினால் எழுதியது ஆணா பெண்ணா என்று தெரியாது. தன்மையிலும் முன்னிலையிலும் நம் மொழி யாரையும் பால் பிரிப்பதில்லை. படர்க்கைக்கு வந்ததும் ஆன், ஆள் என்று வாலை ஒட்டிவிடும். 1969-ல் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் நிரந்தர ஆண் பெண் இல்லாத ஒரு குளிர்க் கிரகத்தைப் படைத்தார். ஆனால் அங்கே இருக்கிற எல்லோரையும் ஆங்கில ‘அவன்’ போட்டுத்தான் எழுதினார். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டு பிற்பாடு அவரே மனசு மாறினார். தமிழில் எழுதியிருந்தால் ‘அவர் வந்தார்’ என்று முடிந்திருக்கும். என்ன, கிரகம் முழுக்க மரியாதை ஜாஸ்தியாகி ஏதோ தாசில்தார்கள் வாழும் கிரகம் மாதிரி இருந்திருக்கும்.

9 ஜூன், இரவு 10.30

வாசகர் கூட்டத்தைப் பற்றித் தம்பி கேட்டிருந்தான். எனக்கும் ஒன்று இருந்தது. தெற்கே, அடையாறு தாண்டி, ஒருவர் வீட்டு மாடியில். மாதம் ஒரு ஞாயிறு. முதல் தடவை போனபோது ‘ராயபுரத்துலேர்ந்தா வர்றீங்க? அவ்வளவு தூரமா?’ என்றார்கள். ஒரு பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் 4.2 ஒளியாண்டு தள்ளியிருக்கிற பிராக்சிமா சென்டாரிக்கு ஜனங்களை எப்படி ஏற்றி அனுப்புவது என்று பேசினார்கள். அந்தத் தூரம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

நல்ல மனிதர்கள்தான். ஈர்ப்பு விசையில் பிசகு இருந்தால் எழுத்தாளரை விடமாட்டார்கள். ஐந்து பால் உள்ள வேற்றுக்கிரக உயிரினம் என்றால் கண் விரியக் கேட்பார்கள். நான் ஒரு கதை எழுதிக்கொண்டு போனேன். சுரங்க நிலவில் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள், திரும்பிப் போக ஒரே ஒரு இருக்கைதான் மிச்சம். வாசித்து முடித்ததும் பெரியவர் ஒருவர் சொன்னார்: ‘ஆக்சிஜன் கணக்கு பிரமாதம்மா. ஆனா அவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா இருந்தா கதைக்கு இன்னும் பலம்.’

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதுதான் இன்னமும் உறுத்துகிறது. அடுத்த மாதம் போகவில்லை, அதற்கடுத்த மாதமும். யாரும் போ என்று சொல்லவில்லை. இருபத்தொன்பது D-யில் இறங்கி நடந்து போய் அந்த மாடிப்படி ஏறுவதற்கு ஒரு காரணம் வேண்டும் இல்லையா, அது போய்விட்டது.

9 ஜூன், இரவு 11.10

பேருந்து எண் தப்பு. 29டி அந்தப் பக்கமே போகாது. எந்த எண் என்று ஞாபகமில்லை. சண்டைக்கு வந்த பெரம்பூர்க்காரருக்கு நன்றி.

10 ஜூன், காலை 7.50

‘வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ் விண்வெளிக் கதை எப்படிப் பிடித்தது’ என்று ஒரு கேள்வி. இதில் ஒளிந்திருக்கிற இன்னொரு கேள்வியும் காதில் விழுந்தது.

நைனா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏற்றி இறக்குகிற மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் குறிக்கிற வேலை. கப்பல்காரர்கள் படித்துவிட்டு விட்டுப்போகிற புத்தகங்களைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அட்டை இருக்காது. உப்புத் தண்ணீர் பட்டு அப்பளம் மாதிரி பொரிந்திருக்கும். அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ‘ராக்கெட் படம் போட்டா நம்ம பாப்பாக்கு’ என்று ஒரு கணக்கு. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் என்று படித்தேன்.

அதில் ஒன்றுக்குக் கடைசி இருபது பக்கம் கிடையாது. விண்கலத்தில் இரண்டு விமானிகள், இரண்டு பேரும் பெண்கள், கதவு வெளிப்பக்கம் பூட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் என் பிரதியில். பதின்மூன்று வயதில் அதற்கு நானே முடிவு எழுதினேன், எத்தனையோ விதமாக. எல்லா முடிவிலும் அவர்கள் ஒரே வீட்டில் குடியேறுவார்கள். ஒருமுறை அந்த வீடு காசிமேட்டில் இருந்தது, மீன் ஏலம் நடக்கும் சத்தத்தோடு. எனக்கு என்னைப் பற்றித் தெரிவதற்கு முன்னால் அந்தக் கிழிந்த பக்கங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

10 ஜூன், இரவு 9.20

‘இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம்ம மண்ணில் ஒட்டாது’ என்று ஒருவர். அறிவியல் புனைகதையைச் சொல்கிறாரா எங்களைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

1905-ல், வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா ‘சுல்தானாவின் கனவு’ என்று ஒரு கதை எழுதினார். பெண்கள் ஆளும் நாடு, சூரிய வெப்பத்தைப் பிடித்துச் சமையல், பறக்கும் வண்டி, ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள்ளே. அது முதலில் அச்சானது எங்கே? மதராசில், ஒரு பெண்கள் பத்திரிகையில்.

மேல்நாட்டிலிருந்து நிஜமாக வந்த சரக்கு 377. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் எங்கள் உறவைக் குற்றமாக்கிய பிரிவு. அவன் ஊரில் 1967-ல் தூக்கிவிட்டான். நாம் 2018 வரைக்கும் பத்திரமாக வைத்திருந்தோம்.

11 ஜூன், காலை

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். 1967 இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் இன்னும் தாமதம். நம் பக்கமும் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பூட்டியது, 2018 செப்டம்பர் 6-ல்தான் திறந்தது.

அந்த 2013 டிசம்பர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் வருடம். தீர்ப்பு வந்த வாரமே லேபில் டூரிங் இயந்திரம் நடத்தினார்கள். எப்படிச் செத்தார் என்று கேட்டேன். ‘ஆப்பிள் சாப்பிட்டுச் செத்தாரு’ என்றார் ஆசிரியர். கொல்லென்று சிரிப்பு. அது சயனைடு என்பதையும், அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1952-ல், ஒரு ஆணோடு இருந்ததற்காக அவருக்குத் தண்டனை கொடுத்து ஹார்மோன் ஏற்றினார்கள் என்பதையும் நானாகத் தேடிப் படித்தேன். அந்த மாதமே, டிசம்பர் 24-ல், பிரிட்டிஷ் ராணி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். செத்து 59 வருடம் கழித்து. இங்கே நாங்கள் குற்றவாளி ஆகி அப்போது பதின்மூன்று நாள். பெண்களுக்கு 377 பொருந்துமா என்பதிலேயே குழப்பம் உண்டு, ஆனால் மிரட்டுகிறவன் எவன் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கிறான்?

12 ஜூன்

‘உங்களுக்கு நேரடியாக என்ன கொடுமை நடந்தது, பட்டியல் போடுங்கள்’ என்றவருக்கு.

2016. மாமா ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். ஆறு மாதம் மாத்திரை. ஒன்பது கிலோ ஏறினேன். புத்தகத்தில் நாலு வரிக்கு மேல் கண் நிற்காது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

14 ஜூன், இரவு 1.15

தூக்கம் வரவில்லை. மழை வரும்போல இருக்கிறது, வராது.

‘தாயகம்’ என்று ஒரு வார்த்தையை மேலே இரண்டு மூன்று பேர் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு ஆயா ஞாபகம்.

ஆயா பிறந்தது ரங்கூனில். 1962-ல் அங்கே ராணுவம் வந்தது, அப்புறம் கடை கண்ணி எல்லாம் அரசுடைமை. நம் ஜனங்களைக் கப்பல் ஏற்றினார்கள். நகையைக் கழற்றிக்கொண்டுதான் ஏற்றினார்கள் என்று ஆயா காதைத் தொட்டுக் காட்டும். இங்கே வந்து இறங்கியவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அட்டையில் அச்சடித்திருக்கும். ஆயா அதைச் சாகும்வரை திட்டியது. ‘திரும்பி வந்தேன்னு போட்டுக்கிறான் பாரு. நா எப்பமே இங்க இருந்தேன், திரும்பி வர்றதுக்கு?’

ஐம்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தது. பிள்ளை பெற்றது, ரேஷன் வாங்கியது, ஓட்டுப் போட்டது. 2019-ல் செத்தபோது தெருவில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது: ‘பர்மாக்காரி பூட்டா.’ திட்டுவதற்காகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் பர்மாக்காரி.

ஆயா ரங்கூனுக்குத் திரும்பிப் போக நினைத்ததா என்று ஒருநாள் கேட்டேன். ‘அங்க இப்ப யாரு இருக்கா’ என்றது. அப்புறம் வாழைத்தண்டைப் பொடியாக நறுக்க ஆரம்பித்துவிட்டது. பர்மா மீன் சூப் மொகிங்காவுக்கு.

14 ஜூன், மாலை

காலையில் படித்துப் பார்த்தால் ஆயா கதையால் தம்பியின் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. பரவாயில்லை.

15 ஜூன், காலை 11

போர்வை விஷயம். முன்பு ஒருமுறை வேறு பேச்சில் சொல்லியிருந்தேன், முழுசாகச் சொல்லச் சொல்கிறார்கள்.

அவள் (என்னவள் என்று எழுதிப் பார்த்தேன், சினிமாப் பாட்டு மாதிரி இருக்கிறது, அவளே போதும்) எண்ணூர்க் குப்பத்துக்காரி. 2023 டிசம்பர். புயல் வந்து வெள்ளம், வெள்ளத்தோடு முகத்துவாரம் முழுக்க எண்ணெய், படகும் வலையும் கறுத்துப்போய் மூன்று வாரம். 26-ஆம் தேதி அவள் வீட்டில் தங்கினேன். ‘ஆபீஸ் ஃபிரண்டு’ என்பது என் பதவி. நடு ராத்திரி மூச்சு முட்டி எழுந்தோம். அமோனியா. கண்ணில் மிளகாய்த்தூள் கொட்டிய மாதிரி. கடலுக்கடியில் போகிற குழாயில் கசிவு என்பதெல்லாம் பிறகு தெரிந்தது, அப்போது தெரிந்தது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது மட்டும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அவள் அம்மாவை நடுவில் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

அறிவியல் புனைகதை படிக்கிறவளுக்கு ஒரு கேவலமான குணம் உண்டு. ஓடும்போதே ஒரு மூலையில் ‘இந்தக் காட்சியைப் படித்திருக்கிறோமே’ என்று ஓடியது. விஷக்காற்று, புகைபோக்கிகளின் சிவப்பு விளக்கு, இருட்டில் ஜனம். அந்தக் கதைகளில் எல்லாம் ஓடுகிறவர்கள் அமெரிக்காவில் இருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எங்களுக்குக் கெட்ட எதிர்காலம் என்று தனியாக ஒன்று வரப்போவதில்லை. அது ஏற்கெனவே வந்து சாம்பல் கொட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு கல்யாண மண்டபத்தில் படுக்க வைத்தார்கள். டிசம்பர் குளிர். ஒரு பாட்டி தன் மூட்டையிலிருந்து போர்வை ஒன்றை உருவி எங்கள் மேல் வீசிற்று. ‘ரெண்டு பேரும் ஒண்ணா இழுத்துப் போத்திக்கினு படுங்க.’ ஊர் முன்னால் அவளோடு ஒரே போர்வைக்குள் படுத்தது அன்றைக்குத்தான் முதல்முறை. அதற்கு அமோனியா வரவேண்டியிருந்தது.

விடியும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் போர்வை வந்திருக்குமா?

15 ஜூன், மதியம் 3.40

அவள் இதைப் படித்துவிட்டுக் கேட்கிறாள்: ‘அந்தப் பாட்டிக்குத் தெரியாதுன்னு நீயா எப்படி முடிவு பண்ண?’

பதில் இல்லை என்னிடம்.

17 ஜூன்

இந்த இழையில் கொஞ்சம் சிரிக்கலாம். நீதிமன்றம் சொல்லி 2022-ல் தமிழ்நாடு அரசு எங்களுக்கெல்லாம் மரியாதையான சொற்கள் வெளியிட்டது. குயர் என்பதற்குப் பால்புதுமையர். நல்ல சொல், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், பத்திரிகையில் வந்த செய்தி மாதிரி, சும்மா. ‘இன்னாது, புதுசா எதுனா பாக்கெட் உட்டுக்கிறானா? நீலமா பச்சையா?’

நம் தெருவில் கேட்டு வளர்ந்த சொல் ஒன்பது. ஒரு எண்ணை வைத்து ஆளைத் திட்டுகிற ஊர். அந்தச் சொல்லோடு தினமும் வண்ணாரப்பேட்டையில் நடந்து போகிற திருநங்கைகளை வைத்துப் பார்த்தால் நான் பேசுவது சொகுசு. நான் சுடிதார் போட்டுக்கொண்டு ‘ஆபீஸ் ஃபிரண்டு’ ஆகிவிடலாம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை. இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

19 ஜூன், இரவு

‘அப்படியானால் குயர் கூட்டங்களுக்குப் போகலாமே, அங்கே வரவேற்பு இருக்குமே.’ போனேன். 2019-ல் பேரணிக்கும் போனேன். இந்த ஊரில் 2009-லிருந்து நடக்கிறது. கூட்டத்தில் நடந்தபோது தொண்டை அடைத்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பின்னால் ஒரு காபி கடையில் உட்கார்ந்து பேசினோம். ஒரு காபி விலைக்குக் காசிமேட்டில் அரைக்கிலோ சங்கரா வாங்கலாம். என்ன பிடிக்கும் என்றார்கள், விண்வெளிக் கதை என்றேன். ‘க்யூட்’ என்றாள் ஒரு பெண். எங்கே இருக்கிறாய் என்றார்கள், ராயபுரம் என்றேன். ‘ஓ, அங்க சேஃபா?’

அன்றைக்குக் கணக்குப் போட்டேன். கதைக்காரர்களிடம் நான் அதிகமாகக் குயர், குயர் ஆட்களிடம் அதிகமாக வடசென்னை, வடசென்னையில் அதிகமாகப் புத்தகம். தம்பி, உன் மூன்று ஆள் கணக்கு எனக்குப் புரிகிறது.

20 ஜூன்

நேற்று எழுதியது கொஞ்சம் அநியாயம். அந்தப் பெண்தான் 2021-ல் என் பக்கத்து வீட்டுத் தகராறில் ராத்திரி பத்து மணிக்கு வக்கீலோடு வந்து நின்றாள். ‘சேஃபா’ என்று கேட்டவளும் அவளே. க்யூட் என்றதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

24 ஜூன், காலை

சட்டம் தெரிந்தவர் ஒருவர் கேட்டதற்கு: ஆமாம், கல்யாணம் கிடையாது. 2023 அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. ஆனால் போன மாதம், மே 22-ல், சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள், வீட்டார் அடைத்து வைத்த ஒரு பெண்ணைத் தன் இணையோடு போகலாம் என்று விடுவித்தார்கள். குடும்பம் என்று ஆவதற்குக் கல்யாணம் மட்டும் வழியில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டு ஓனரிடம் காட்டவா என்றால், இல்லை. அவரிடம் ‘சொந்தக்காரப் பொண்ணு’ என்றுதான் சொல்லியிருக்கிறோம். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ராயபுரம் ஸ்டேஷன் பக்கம், ஒற்றை அறை, மொட்டை மாடி உண்டு.

1856-ல் தென்னாட்டின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் அது. வாலாஜா ரோடு வரைக்கும். ஆக, வெளியே போவது இந்த இடத்துக்கு ஒன்றும் புதிதில்லை தம்பி.

25 ஜூன், இரவு 10.50

அம்மாவிடம் தனியாகப் போகிறேன் என்று சொன்னேன். யாரோடு என்று கேட்கவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. இன்று மாலை பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்றைத் துலக்கி வைத்திருக்கிறது. ‘சின்னத்துல ரெண்டு பேருக்குப் பத்தாது.’ இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்கு விளக்கி எழுத வேண்டாம். தரகர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார் என்பதையும் சேர்த்தே சொன்னது.

30 ஜூன்

இருபது பக்கம் இல்லாத அந்தப் புத்தகம் என்ன ஆனது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முழுப் பிரதி சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் நான்கு வருடம் முன் கிடைத்தது. நின்றுகொண்டே கடைசி இருபது பக்கத்தைப் படித்தேன். ஒருத்தி செத்துவிடுகிறாள், இன்னொருத்தி கேப்டனைக் கட்டிக்கொள்கிறாள். கடைக்காரர் அறுபது ரூபாய் என்றார். வாங்கவில்லை.

6 ஜூலை, இரவு 11.30

இன்று எர்ணாவூர்த் தம்பி வந்தான். அவனைச் சேர்த்து ஐந்து பேர். பீச் ஸ்டேஷன் எதிரில் நின்றபடியே அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டோம். மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டு, பூண்டு தூக்கலாக, வாழைத்தண்டு சூப் இரண்டு தடவை. அப்புறம் எங்கள் மொட்டை மாடி. தம்பி ஒரு கதை வாசித்தான். செவ்வாயில் கேரம் ஆடுகிற இரண்டு பையன்கள். அங்கே ஈர்ப்பு விசை நம்மில் முக்கால் பங்குக்கு மேல் குறைவு என்று எழுதியிருந்தான்.

முக்கால் இல்லை, ஐந்தில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் குறைவு என்று அவள் திருத்தினாள். அப்படியானால் உரசல் குறைந்து ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கும் என்று ஒரு மணி நேரம் சண்டை. பையன்களை அண்ணன் தம்பியாக ஆக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

தம்பிக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 வந்திருக்கிறது. விண்ணப்பம் போடுகிறான். அத்தோ அவன் செலவு. போகும்போது அந்தக் கிழிந்த புத்தகத்தை இரவல் கேட்டான். முழுசாக இருக்கிற பிரதி வேண்டுமென்றால் கடையில் கிடைக்கலாம் என்றேன். வேண்டாம், இதையே கொடுங்கக்கா என்று பையில் போட்டுக்கொண்டான்.